கடல் கடந்த பெண்களின் தாய்மை நலம்

பொருள் தேடும் பொருட்டுக் கடல் கடத்தல் ஆடவர்க்குரிய செயலாகவே நம் பழைய இலக்கியங்களிற் பேசப்படுகின்றது. தலைவன் பிரிந்து செல்வான். தலைவி இல்லிலிருந்து அவன் வரும் நாளை எண்ணியிருப்பாள். கடல்வழிச் செலவு பெண்ணோடு நிகழ்தல் இல்லை என்பது தொல்காப்பியர் காட்டும் மரபு. அம்மரபு நம் காலத்திலே தலைகீழாயிற்று. 1970களின் பிற்பகுதியில், எண்ணெய் வளத்தாற் செல்வம் பெருகிய மேற்காசிய நாடுகள் வீட்டுவேலைக்கு ஆள் தேடத் தொடங்கின. அன்று தொட்டு இலங்கையிலிருந்து பொருள்வயிற் பிரிந்தோருட் பெண்கள் பெருகினர். 1990களின் நடுப்பகுதியில், தொழிலுக்காக நாடு நீங்கியோருள் ஆண்களைக் காட்டிலும் பெண்களே மிகப் பலராயினர். பின்னர் அவ்விகிதம் குறைந்ததாயினும், கிழக்கின் கரையோர ஊர்களிலிருந்தும் மலையகத் தோட்டங்களிலிருந்தும் பெண்கள் இன்றும் புறப்பட்ட வண்ணமே உள்ளனர்.

இவர்கள் அனுப்பும் பணத்தைப் பற்றி நாம் பேசுகிறோம். இவர்கள் விட்டுச் சென்ற பிள்ளைகளைப் பற்றியும் பேசுகிறோம். பாடசாலை அதிபராயிருக்கும் எனக்கு அப்பிள்ளைகள் புதியவரல்லர். பெற்றோர் கூட்டத்துக்கு அம்மம்மா வருவார். தேர்ச்சி அறிக்கையிற் சித்தி கையொப்பமிடுவார். ஆனால் சென்ற அப்பெண்ணின் உடல்நலத்தைப் பற்றி, அதிலும் சிறப்பாக அவளுடைய கருப்பையின் நலத்தைப் பற்றி, நாம் பேசுவதில்லை. அது கூச்சத்துக்குரிய பொருள் என ஒதுக்கி விடுகிறோம். நாம் கூசி ஒதுக்கும் அப்பொருளைப் பிறர் ஒதுக்கவில்லை. ஆட்சேர்ப்பு முகவரும், வேலைகொள்வோரும், அந்நிய நாட்டு அரசாங்கங்களும் அதனைக் கூர்ந்து நோக்கி, அளந்து, சட்டம் செய்து வைத்திருக்கின்றனர். ஆகவே நாமும் அதனைப் பேசுதல் முறையாகும்.

பெண்ணின் இனப்பெருக்க நலத்துக்குரிய சேவைகள் என்பன யாவை? மகப்பேறு மாத்திரமே என்று எண்ணுதல் பிழை. மாதவிடாய்க் கோளாறுகளுக்குச் சிகிச்சை, கருத்தடை பற்றிய அறிவுரையும் சாதனமும், கர்ப்ப காலப் பராமரிப்பு, பிரசவம், கருச்சிதைவு நேர்ந்தவிடத்து உடனடி மருத்துவம், பால்வினை நோய்களுக்குப் பரிகாரம், கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை முன்கூட்டிக் கண்டறிதல், வன்புணர்ச்சிக்கு ஆளானவளுக்கு உடனுதவி ஆகிய இவை யாவும் அதனுள் அடங்கும். இவற்றை அடைவதற்கு ஒரு பெண்ணுக்கு நான்கு வசதிகள் வேண்டும். செல்வதற்கு நேரம் வேண்டும். கொடுப்பதற்குப் பணம் வேண்டும். சொல்வதற்கு மொழி வேண்டும். சொன்னால் தீங்கு வராது என்ற நம்பிக்கை வேண்டும். வீட்டுப் பணிப்பெண்ணுக்கு இந்நான்கும் அரிது. நான்காவதோ மிக அரிது.

அவள் எதனை விட்டுச் செல்கிறாள் என்பதை முதலில் நோக்குவோம். இலங்கையின் முதலாவது சுகாதாரப் பிரிவு 1926 ஆம் ஆண்டிற் களுத்துறையில் அமைக்கப்பட்டது. அன்று தொடங்கிப் படிப்படியாக வளர்ந்த ஏற்பாட்டின் பயனாக, இன்று ஊர்தோறும் ஒரு குடும்பநல உத்தியோகத்தர் உள்ளார். நம் மக்கள் அவரை 'மருத்துவிச்சி அம்மா' என்றும் 'மிட்வைஃப் மிஸ்' என்றும் அழைப்பர். கருவுற்ற பெண்ணை அவர் வீடு தேடி வந்து பார்ப்பார், கிளினிக்குக்கு அழைப்பார், வராவிடின் மீண்டும் வந்து ஏன் வரவில்லை என்று கேட்பார். 35 வயதெய்திய பெண்களைக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு அழைக்கும் சுகவனிதையர் கிளினிக்குகள் 1996 முதல் நடைபெறுகின்றன. இவற்றுக்கு எவரும் கட்டணம் கொடுப்பதில்லை. 1940களின் நடுப்பகுதியில் இந்நாட்டில் ஓரிலட்சம் பிறப்புகளுக்கு 1,500 அளவிலே தாய்மார் இறந்தனர். அண்மை ஆண்டுகளில் அத்தொகை 40 க்கும் குறைந்துள்ளது. எளிய வீட்டு வாசலுக்கும் மருத்துவம் நடந்து சென்றமையே இதற்கொரு பெருங்காரணம்.

இத்தகைய ஏற்பாட்டின் மடியிலிருந்து எழுந்து, ஒரு பெண் கட்டுநாயக்காவில் விமானம் ஏறுகிறாள். ஏறும் முன்னரே அவளுடைய உடல் பரிசோதிக்கப்படுகிறது. வளைகுடா நாடுகளுக்குச் செல்வோர் அந்நாடுகள் ஏற்றுக்கொண்ட மருத்துவ நிலையங்களில் உடற்றகுதிச் சான்று பெறல் வேண்டும். பெண்ணாயின் கர்ப்பப் பரிசோதனையும் அதில் ஒன்று. கருவுற்றிருந்தால் அவள் 'தகுதியற்றவள்'. சான்று கிடைக்காது, பயணம் நின்றுவிடும். இங்கே பரிசோதனையின் நோக்கம் அவளுக்கு உதவுவதன்று. அவளை வடித்தெடுப்பதே என்பது வெளிப்படை.

இதனினும் வருந்தத்தக்க செய்தி ஒன்று 2018 ஆம் ஆண்டிற் பத்திரிகைகளில் வெளிவந்தது. மேற்காசியாவுக்குச் செல்லும் இலங்கைப் பெண்களுக்குச் சில முகவர்கள் புறப்படுமுன் கருத்தடை ஊசியைப் போடுவிக்கின்றனர் என்பதே அச்செய்தி. அவ்வூசி மூன்று மாதம் வரை கருவைத் தடுக்கும். வேலைகொள்வோர்க்கு அம்மூன்று மாதமும் ஓர் உத்தரவாதம். கேட்டதற்கிணங்கக் கொடுக்கப்பட்ட பொருளில் குறை நேராது என்னும் வணிகவாக்கு. கருத்தடை தீதென்று நான் கூறவில்லை. தன் விருப்பப்படி, விளைவுகளை அறிந்து, ஒரு பெண் அதனைத் தேர்வாளாயின் அது அவளுக்குக் காப்பு. பயணச்சீட்டோடு சேர்த்து அது அவள்மேற் சுமத்தப்படுமாயின், அதே மருந்து அவளைப் பொருளாக்கும் முத்திரையாகி விடுகிறது. மருந்து ஒன்றே, யாருடைய விருப்பம் என்பதிலேயே வேற்றுமை உளது. அன்றியும் அவ்வூசி கருவைத் தடுக்குமேயன்றிப் பால்வினை நோயைத் தடுக்காது; வன்முறையையும் தடுக்காது.

இனி, அவள் சென்றடையும் நாடுகளை நோக்குவோம். எல்லா நாடுகளும் ஒரு தன்மையன அல்ல. மூவகை ஏற்பாடுகளை எடுத்துக் காட்டினால் நேயர்களுக்கு நிலைமை தெளிவாகும்.

முதலாவது சிங்கப்பூர். ஒழுங்குக்கும் மருத்துவ வசதிக்கும் பெயர்பெற்ற நகரம் அது. அங்கே வீட்டு வேலைக்கு வரும் அந்நியப் பெண்கள் ஆறு மாதத்துக்கொரு முறை மருத்துவப் பரிசோதனைக்குச் செல்லல் வேண்டும். அப்பரிசோதனையிற் கர்ப்பமும் பால்வினை நோயும் பார்க்கப்படுகின்றன. அண்மைக் காலத்தில், உடல் எடை குறைந்துள்ளதா, ஐயத்துக்குரிய காயங்கள் உளவா என்பதையும் மருத்துவர் நோக்கல் வேண்டும் என விதிக்கப்பட்டுள்ளமை நன்று. ஆயினும் கர்ப்பம் கண்டறியப்பட்டால் நிகழ்வது என்ன? அந்நாட்டுக் குடிமகனையோ நிரந்தர வதிவாளனையோ அனுமதி பெற்று மணந்தவளாயின் அன்றி, வேலை அனுமதி பெற்ற பெண் அங்கே கருவுறலும் பிள்ளை பெறலும் விதிக்கு மாறானவை. அனுமதி நீக்கப்படும், அவள் திருப்பி அனுப்பப்படுவாள். அவளைக் கணவனே ஊரிலிருந்து விடுமுறையிற் கண்டு கருவுற்றாளா, பிறனொருவனால் வஞ்சிக்கப்பட்டாளா என்பதெல்லாம் விதிக்கு வெளியே நிற்பவை.

இதன் விளைவைச் சற்றுச் சிந்தியுங்கள். மருத்துவரைக் காண்பதே வேலையை இழக்கும் வழியாயிருப்பின், எந்தப் பெண் விரும்பி மருத்துவரிடம் செல்வாள்? மாதவிடாய் தள்ளிப் போனால் மறைப்பாள். வயிற்று வலி கண்டால் தாங்குவாள். கருக்குழாயிற் கரு தங்கிவிட்டால் அவ்வலியே உயிருக்கு உலை வைக்கும் அறிகுறி. அதனையும் பொறுத்துக் கொள்வாள். பெயர் அறியாத மாத்திரைகளை யாரிடமேனும் வாங்கி விழுங்குவாள். குருதிச் சோகையும் உயர் குருதி அழுத்தமும் கர்ப்ப காலத்தில் ஓசையின்றி வளர்வன. உரிய நாளிற் கண்டால் எளிதில் மாற்றத்தக்கவை. மறைத்தவளுக்கோ அவை வெளிப்படும் நாளே இடுக்கண் நாளாகும். அச்சுறுத்தும் பரிசோதனை நோயைக் கண்டுபிடிப்பதில்லை. நோயை ஒளித்து வைக்கக் கற்பிக்கிறது.

இரண்டாவது வகை, வளைகுடா நாடுகள். அங்கே வீட்டுப் பணிப்பெண்ணின் குடியிருப்பு உரிமை 'கபாலா' எனப்படும் பொறுப்பாளி முறையால் வேலைகொள்வோருடன் பிணைக்கப்பட்டிருக்கிறது. வீட்டை விட்டு வெளியேற அவர் இசைவு வேண்டியிருக்கிறது. கடவுச்சீட்டைத் தொழிலாளியிடமிருந்து பறித்து வைத்தல் அந்நாடுகள் பலவற்றின் சட்டப்படியே தவறாயினும், நடைமுறையில் அது மறையவில்லை. இவற்றோடு இன்னுமொரு தடையும் உண்டு. மணவுறவுக்கு வெளியிலான கூட்டத்தை அந்நாடுகள் பலவற்றின் சட்டம் குற்றமெனக் கொள்ளும். ஆதலின், கருவுற்ற பெண் வைத்தியசாலைக்குச் சென்றால் மணச்சான்றிதழைக் கேட்கும் வழக்கம் சிலவிடங்களில் இருந்து வருகிறது. சான்றிதழ் இல்லாதவளுக்கு வைத்தியசாலை வாயிலே சிறைவாயிலும் ஆகலாம். வன்புணர்ச்சிக்கு ஆளானவளும் முறையிடச் சென்ற இடத்திற் குற்றவாளியாக நிற்க நேரலாம் என அஞ்சி வாய் திறவாள்.

மருத்துவம் இவ்விடத்தில் நாட்கணக்குப் பார்ப்பது என்பதை நேயர்கள் கருத்திற் கொள்ளல் வேண்டும். வன்புணர்ச்சியின் பின் எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணித்தியாலங்களுக்குள் தொடங்கல் வேண்டும். கருவைத் தடுக்கும் அவசர மாத்திரையும் எவ்வளவு விரைவில் உட்கொள்ளப்படுகின்றதோ அவ்வளவுக்குப் பயன் தரும். ஐந்து நாட்களுக்குப் பின் அதனாற் பயனில்லை. வாராந்த ஓய்வு நாளே இல்லாத ஒருத்தி, கைத்தொலைபேசியும் கையில் இல்லாத ஒருத்தி, அம்மூன்று நாளுக்குள் எங்ஙனம் மருத்துவரை அடைவாள்? ஓய்வுநாள் என்பது களைப்பு நீங்குதற்கு மட்டுமன்று. மருத்துவ உதவிக்குத் திறக்கும் கதவும் அதுவே.

மாற்றம் இல்லையென்று கூறுதல் நீதியன்று. ஐக்கிய அரபு இராச்சியம் 2021 இல் இயற்றி 2022 சனவரியில் நடைமுறைக்குக் கொணர்ந்த தண்டனைச் சட்டத்தின்படி, இருவர் உடன்பாட்டோடு நிகழ்ந்த உறவு, கணவனோ பாதுகாவலனோ முறையிட்டாலன்றி வழக்குக்கு உரியதாகாது. பிறந்த குழந்தையைப் பெற்றோர் ஏற்று ஆவணம் பெறுதற்கும் அச்சட்டம் வழி வகுத்தது. பழைய கடுமை இவ்வாறு ஓரிடத்தில் தளர்ந்தமை, பிறவிடங்களிலும் அது தளரக்கூடும் என்பதற்குச் சான்றாகும்.

மூன்றாவதாக ஹொங்கொங்கை எடுத்துக் கொள்வோம். அதுவும் சிங்கப்பூரைப் போன்றே சிறு நிலமும் பெரு வணிகமும் உடைய நகரம். வீட்டு வேலைக்கு அந்நியப் பெண்களைப் பெருந்தொகையாக அழைப்பதும் அவ்வாறே. ஆயின் தாய்மையைப் பற்றிய அதன் விதி முற்றிலும் வேறு. அங்குள்ள தொழிற் சட்டம் உள்ளூர்த் தொழிலாளர்க்கும் அந்நிய வீட்டுப் பணிப்பெண்ணுக்கும் ஒன்றே. கருவுற்றமையை அவள் முறைப்படி அறிவித்த பின், கடுங்குற்றம் புரிந்தாலன்றி அவளை வேலையிலிருந்து நீக்குதல் சட்டப்படி குற்றம். 40 வாரம் தொடர்ந்து பணி செய்தவளுக்குச் சம்பளத்தில் ஐந்தில் நான்கு பங்குடன் பிரசவ விடுமுறை உண்டு. அவ்விடுமுறை 10 வாரமாயிருந்தது. 2020 திசெம்பரில் 14 வாரமாக்கப்பட்டது. கூடுதலான நான்கு வாரச் சம்பளத்தை, விதித்த எல்லைக்குள், அரசாங்கம் வேலைகொள்வோர்க்கு ஈடுசெய்கிறது. வேலையில் உள்ளவரை அரசாங்க வைத்தியசாலையில் உள்ளூர் மக்களுக்குரிய சலுகைக் கட்டணத்தையே அவளும் செலுத்துவாள்.

அங்கும் குறை இல்லாமலில்லை. வேலை ஒப்பந்தம் முறிந்தால் இரண்டு வாரத்துள் நாட்டை விட்டு நீங்கல் வேண்டும் என்பது விதி. வேறு காரணம் கூறி வேலையினின்று நீக்கப்படுபவளுக்கு வழக்காட நாளும் இல்லை, பொருளும் இல்லை. சலுகைக் கட்டணமும் அவளை விட்டு நீங்கும். வேலைகொள்வோர் வீட்டிலேயே உண்டு உறங்குபவள், கைக்குழந்தையுடன் எங்கே தங்குவாள் என்னும் கேள்விக்குச் சட்டத்தில் விடை இல்லை. எனினும் சிங்கப்பூரையும் ஹொங்கொங்கையும் அருகருகே வைத்துப் பார்க்குமிடத்து ஓருண்மை புலப்படும். அந்நியப் பெண்ணின் தாய்மையைக் குற்றமாக்காமலே ஒரு செல்வ நகரம் தன் வீடுகளை நடத்திக் கொள்ள இயலும்.

இங்கே வேலைகொள்வோர் பக்கத்து நியாயம் ஒன்றையும் எடுத்து நோக்கல் வேண்டும். முதுமையடைந்த தாயைப் பார்ப்பதற்கென்று கடன்பட்டு ஒரு பணிப்பெண்ணை வரவழைத்தவர், அவள் சில மாதத்திற் கருவுற்றால் இடர்ப்படுவார் என்பது மெய்யே. ஆயின் அவ்விடருக்குப் பரிகாரம் காப்புறுதியும் அரசாங்க ஈடுமேயன்றி அப்பெண்ணின் வயிற்றைக் காவல் செய்தல் அன்று. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்று நம்மவர் கூறுவர். தாய்க்கும் பிள்ளைக்குமே அங்ஙனமாயின், கூலி கொடுப்பவருக்கு அவள் வயிற்றின்மேல் உரிமை ஏது? அவர் விலைக்கு வாங்கியது அவளுடைய உழைப்பின் மணித்தியாலங்களையேயாம்.

இவ்வுண்மையை உலக நாடுகளும் எழுத்தில் ஒப்புக்கொண்டுள்ளன. 1979 இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற, பெண்களுக்கெதிரான எல்லாவகைப் பாரபட்சங்களையும் ஒழிக்கும் சமவாயம், மருத்துவ சேவையிற் சமத்துவத்தை வலியுறுத்துகிறது. அதன் குழு 2008 இல் வெளியிட்ட 26 ஆம் இலக்கப் பொதுப் பரிந்துரை, புலம்பெயர்ந்து தொழில் செய்யும் பெண்களையே பொருளாகக் கொண்டது. கட்டாயக் கர்ப்பப் பரிசோதனையையும் அதன் பின்னான வெளியேற்றத்தையும் அது கண்டிக்கிறது. புலம்பெயர் தொழிலாளர் பற்றிய 1990 ஆம் ஆண்டுச் சமவாயம், உயிர் காக்கும் அவசர மருத்துவத்தை, ஆவணமின்றி இருப்பவர்க்கும் மறுத்தலாகாது என்கிறது. இலங்கை 1996 இல் அதனை ஏற்றது. நம் பெண்களை வேலைக்கழைக்கும் வளைகுடா நாடுகள் அதனை ஏற்காமையே அதன் வலிவின்மை. அனுப்பும் நாடு ஒப்பமிட்டும் ஏற்கும் நாடு ஒப்பமிடாவிடின், ஒரு கை ஓசையாகவே அது முடியும். ஆதலால் இருநாட்டு உடன்படிக்கைகளிற் சம்பளம் பேசப்படும்போதே, மருத்துவமும் ஓய்வுநாளும் பேசப்படல் வேண்டும்.

நம் நாட்டின் அணுகுமுறையும் ஆராய்தற்குரியது. 2013 ஆம் ஆண்டு முதல், ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுடைய தாய்மார் வெளிநாட்டு வீட்டுவேலைக்குச் செல்வதைத் தடுக்கும் வகையில் குடும்பப் பின்னணி அறிக்கை கோரப்பட்டது. 2022 இல் அவ்விதி தளர்த்தப்பட்டது. பிள்ளையின் நலத்தைக் கருதியது நன்றே. ஆயினும் தடை விதித்தபோதும் தளர்த்தியபோதும், செல்பவளை எத்தகைய பராமரிப்புடன் அனுப்புவது என்னும் கேள்வி பின்தங்கி விட்டது.

செய்யத்தக்கன சில உள. பெருஞ்செலவு வேண்டுவனவும் அல்ல. புறப்படும் பெண் முகவரிடம் செல்லுமுன் தன் ஊர்க் குடும்பநல உத்தியோகத்தரிடம் செல்லல் வேண்டும். கருத்தடை வேண்டுமாயின், எத்தனை ஆண்டு பயன் தருவது எது, பக்க விளைவு யாது என அவரிடமே கேட்டுத் தானே தெரிவு செய்யலாம். முகவர் அழைத்துச் செல்லும் இடத்தில் ஊசி போட முற்பட்டால், அஃது என்ன ஊசியெனக் கேட்கவும் மறுக்கவும் அவளுக்கு உரிமை உண்டு. 35 வயதை அணுகியவள் சுகவனிதையர் கிளினிக்குக்குச் சென்றபின் பயணப்படுதல் நலம். தன் குருதி வகையும், முந்திய பிரசவங்களின் விவரமும், சத்திரசிகிச்சை நடந்திருப்பின் அதன் விவரமும் எழுதிய தாளின் பிரதியொன்று அவள் கையில் இருத்தல் வேண்டும். அறபு மொழியிற் சமையற் பொருட்களின் பெயரைக் கற்பிக்கும் பயிற்சி நிலையங்கள், 'எனக்கு இரத்தப்போக்கு', 'எனக்கு மருத்துவர் வேண்டும்' என்னும் வாக்கியங்களையும் கற்பிக்கலாம். தூதுவராலயங்களில், தமிழிலும் சிங்களத்திலும் பேசத்தக்க பெண் உத்தியோகத்தர் ஒருவரேனும் எந்நேரமும் தொலைபேசியிற் கிடைத்தல் வேண்டும்.

திரும்பி வருபவளைப் பற்றியும் ஒன்று கூறுதல் வேண்டும். கருவுற்ற நிலையிலோ கைக்குழந்தையுடனோ ஒரு பெண் ஊர் திரும்பினால், 'என்ன நடந்தது' என்று கேட்கப் பலர் வருவர். 'கிளினிக்குக்குப் போனாயா' என்று கேட்க வருபவர் சிலர். அந்நிய நாட்டுச் சட்டம் அவளை அஞ்சி மறையச் செய்தது போலவே நம்மூர் நாக்கும் செய்யுமாயின், நமக்கும் அச்சட்டத்துக்கும் வேற்றுமை இல்லை. அவள் ஊர் திரும்பிய செய்தி அயலார்க்கு எட்டுமுன் குடும்பநல உத்தியோகத்தர்க்கு எட்டுதல் வேண்டும். அக்குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழும் தடுப்பூசியும் பாடசாலை இடமும் உரியன. அதன் தாய்க்குக் குருதிப் பரிசோதனையும் போசாக்கும் ஓய்வும் உரியன.

பரிசோதனை வேறு, பராமரிப்பு வேறு. முன்னையது, இவள் நமக்குப் பயன்படுவாளா என்று கேட்கிறது. பின்னையது, இவளுக்கு நாம் எவ்வாறு பயன்படலாம் என்று கேட்கிறது. நம் பெண்களின் உடல் பல முறை, பல நாடுகளிற் பரிசோதிக்கப்பட்டு விட்டது. இரண்டாவது கேள்வியைக் கேட்க வேண்டிய கடமை, அவள் உழைப்பாற் பயன்பெறும் இரு நாடுகளுக்கும், அவள் அனுப்பிய பணத்திற் கூரை வேய்ந்த குடும்பத்துக்கும், அயலவராகிய நமக்கும் உண்டு.